கேம் ஆஃப் த்ரோன்ஸ்: கடைசி ஆறு திங்கட்கிழமைகள்

ஏப்ரல் 15, 2019

கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடரின் எட்டாவது, கடைசி சீசனின் முதல் பகுதி காலை ஆறரைக்கு ஹாட்ஸ்டாரில் வந்துவிட்டது. டொரண்டோவில் ஞாயிறு இரவு ஒன்பது. அங்கே தம்பியும் இதே நேரத்தில் உட்கார்ந்திருக்கிறான். 2011-இல் ஒரே சோபாவில் ஆரம்பித்த பழக்கம், இப்போது போன் வழியாகத் தொடர்கிறது.

முதல் ஆறு சீசன்களும் பத்துப் பத்துப் பகுதிகள். ஏழாவதில் ஏழு. இதில் ஆறே ஆறு. இத்தனை பேருடைய கதையையும் அதற்குள் முடித்தாக வேண்டும் என்று நினைத்தாலே வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

இன்று டிராகன் சவாரியைவிட சாம் அழுததுதான் மனதில் நிற்கிறது. அவன் அப்பாவையும் தம்பியையும் எரித்ததை, டிராகன்களின் ராணி டெனேரிஸ் அவனிடமே சொல்கிறாள். பிறகு கல்லறையில் அவன், வடக்கின் ராஜாவாக இருந்து அவளுக்குப் பணிந்த நண்பன் ஜானிடம் கேட்கிறான்: மக்களைக் காப்பாற்ற நீ மகுடத்தைக் கொடுத்தாய், அவள் கொடுப்பாளா?

"அக்கா, இதுக்குத்தான் சீசன் முழுக்க பதில் சொல்லப் போறாங்க, பாரு" என்றான் தம்பி.

ஏப்ரல் 22

சண்டையே இல்லாத பகுதி. செத்தவர்களின் படை வருகிறது, விடிந்தால் சாவு என்று தெரிந்த சிலர் கணப்பைச் சுற்றி உட்கார்ந்து பேசுகிறார்கள், அவ்வளவுதான். எனக்கு இதுவே போதும்.

பெண்ணை நைட் (knight, பட்டம் பெற்ற போர்வீரர்) ஆக்குவது வழக்கம் இல்லை என்று பேச்சு வருகிறது. நான் ராஜாவாக இருந்தால் பத்து தடவை ஆக்கியிருப்பேன் என்கிறான் டார்மண்ட். ராஜா எதற்கு, ஒரு நைட் நினைத்தால் இன்னொருவரை ஆக்கலாமே என்று ஜெய்மி எழுந்து வாளை உருவுகிறான். போர்வீராங்கனை பிரியென் மண்டியிடுகிறாள். எழுந்திரு, பிரியென் என்கிறான். எழுந்தபோது அவள் முகத்தில் வந்த சிரிப்பை இரண்டாவது சீசனிலிருந்து ஒரு தடவைகூட நான் பார்த்ததில்லை. தம்பியும் நானும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

இரவு மூன்றாவது சீசனின் குளியல் காட்சியை மறுபடி போட்டுப் பார்த்தேன். கை போய், உடம்பு தளர்ந்து, ராஜாவைக் கொன்ற துரோகி என்று ஊரே ஏசுகிற ஜெய்மி, தான் ஏன் கொன்றான் என்பதை பிரியெனிடம் சொல்லுவான். அந்தப் பைத்தியக்கார ராஜா நகரத்தையே கொளுத்தச் சொன்னான். அதைத் தடுக்கத்தான் வாளைப் பாய்ச்சினான். மயங்கிச் சரியும்போது, என் பெயர் ஜெய்மி என்பான். அன்று அவனை நம்பியவளுக்கு இன்று அவன் பட்டம் கொடுத்தான். பாத்திர வளர்ச்சி என்று நான் சொல்லுவது இதைத்தான்.

ஏப்ரல் 29

82 நிமிடம். 55 இரவுகள் படமாக்கிய போர் என்கிறார்கள். திரைச்சீலையை எல்லாம் இழுத்து மூடியும் பாதி இருட்டுதான் தெரிந்தது.

செத்தவர்களின் படைத் தலைவன் நைட் கிங்கைக் கொன்றது, ஜானோடு தங்கையாக வளர்ந்த ஆர்யா. தம்பிக்குக் கடுமையான ஏமாற்றம்: "ஜான் எத்தனை வருஷமா இதுக்காக ஓடினான்க்கா!" அவன் சொல்லுவதிலும் நியாயம் உண்டு. ஆனால் ஆர்யாவின் வெற்றி வானத்திலிருந்து குதிக்கவில்லை. ஏழாவது சீசனில், இன்று அவனைக் கொன்ற அதே மரத்தடியில்தான் அவள் தம்பி பிரான் அவளுக்கு அந்தக் கத்தியைக் கொடுத்தான். ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குக் கத்தியை நழுவவிடும் வித்தையை பிரியெனோடு பயிற்சி செய்யும்போதே காட்டிவிட்டாள். விதை போட்டிருந்தார்கள், முளைத்தது.

ஒரு காலத்தில் பிரானின் குடும்பத்துக்கே துரோகம் செய்த தியானுக்காக அழுதேன். நீ நல்லவன் என்று பிரான் சொன்ன ஒரு வார்த்தைக்காகத்தான் அவன் இத்தனை சீசன் உயிரோடு இருந்தான்.

மே 6

எல்லோரும் மேஜையில் இருந்த காபிக் கோப்பையைப் பற்றியே பேசுகிறார்கள். என் கோபம் வேறு. ஜான் தன் ஓநாய் கோஸ்டை ஒரு தடவைகூடத் தொடாமல் வடக்கே அனுப்பிவிடுகிறான். எதிரி ராணி செர்சியின் கூட்டாளி யூரனின் கப்பல்கள் ஒரு டிராகனையே வீழ்த்துகின்றன. அதற்கு விளக்கம், டெனேரிஸ் அந்தக் கடற்படையைக் கொஞ்சம் மறந்துவிட்டாளாம். சொன்னவர் தொடரை உருவாக்கிய இருவரில் ஒருவரான டேவிட் பெனியாஃப். அதே பகுதியில் முன்பு வந்த ஒரு காட்சியில் அந்தக் கடற்படையைப் பற்றி அவள் எதிரிலேயே பேசினார்கள்.

மே 8

ஆர்யாவின் அக்கா சான்சா பேசிய ஒரு வசனத்துக்குப் பெரிய எதிர்ப்பு. தன்னை ஏமாற்றிய லிட்டில்ஃபிங்கரும் வன்கொடுமை செய்த கணவன் ராம்சேயும் இல்லாவிட்டால் காலம் முழுக்கச் சின்னப் பறவையாகவே இருந்திருப்பேன் என்கிறாள். நடிகை ஜெசிகா சாஸ்டெய்ன்கூட, பெண்ணைப் பலசாலியாக்க வன்புணர்வு ஒரு கருவி அல்ல என்று எழுதிவிட்டார். எனக்கும் அதே எண்ணம். சான்சா பிழைத்தது கொடுமையால் அல்ல, கொடுமையை மீறி. அம்மாவிடமிருந்தும் செர்சியிடமிருந்தும் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட பெண் அவள். அந்தப் பெருமையைத் தூக்கி ராம்சேக்குக் கொடுத்தால் எப்படி?

மே 13

மணி அடித்தது. செர்சியின் தலைநகர் சரணடைந்துவிட்டது, போர் முடிந்தது. டெனேரிஸின் முகம் மாறுகிறது, அவள் டிராகன் டிரோகன் எழும்புகிறது, தெருத் தெருவாக எரிக்கிறாள். ஆர்யா புழுதியில் ஓடிக்கொண்டே இருக்கிறாள். ஒரு தாயும் மகளும் கருகிக் கிடக்கிறார்கள்.

"அக்கா, அவ ஏன்க்கா அப்படிப் பண்ணா?" என்று மட்டும் கேட்டான் தம்பி. பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஜெய்மிக்கும் அதே கதி. பிரியென் வாசலில் நின்று அழ, அவளை விட்டுவிட்டுக் கிளம்பியவன், இன்று தன் தம்பி டிரியனிடம் மக்களைப் பற்றித் தனக்கு என்றுமே கவலை இருந்ததில்லை என்கிறான். அந்தக் குளியலறையில் பேசியவனா இவன்? காதலி செர்சியிடம் அவன் திரும்பிப் போகட்டும், பழைய பிடி விடாது, அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஒரு வரி, அவன் வாழ்க்கையில் செய்த ஒரே பெரிய காரியத்தையே இல்லாமல் ஆக்கிவிடுகிறது.

மே 14

தம்பி ராத்திரி முழுக்க யோசித்திருக்கிறான். எல்லாம் முன்பே இருந்தது என்பது அவன் கட்சி. சொந்த அண்ணன் தலையில் உருக்கிய தங்கத்தை ஊற்றியபோது டெனேரிஸ் கண் சிமிட்டாமல் பார்த்தாள். மீரீனில் 163 எஜமானர்களைச் சிலுவையில் அறைந்தாள். நாமெல்லாம் அப்போது கை தட்டினோம் என்கிறான்.

சரி, உண்மைதான். நானும் தட்டினேன். ஆனால் நான்காவது சீசன் கடைசிப் பகுதி எனக்கு மறக்கவில்லை. ஒரு தகப்பன் துணி மூட்டையோடு வந்து அவள் முன் பிரிக்கிறான்: டிரோகன் எரித்த மூன்று வயது மகளின் எலும்புகள். டிரோகன் அகப்படவில்லை. அந்த ஒரு குழந்தைக்காக, தான் பெற்ற பிள்ளைகள் என்று கொண்டாடிய மற்ற இரண்டு டிராகன்களையும் சுரங்கத்தில் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு அழுதுகொண்டே வெளியே வருவாள். அங்கிருந்து நேற்றைய தெருவுக்கு அவள் வந்து சேர்ந்த வழி எங்கே? தோழி மிசாண்டேயை வெட்டிவிட்டார்கள், ஜான் விலகிப் போகிறான், ஆலோசகன் வேரிஸ் துரோகம் செய்கிறான். காரணங்கள் இருக்கின்றன. ஆனால் அவை அவளுக்குள் இறங்கிப் புளிக்க அவகாசமே இல்லை. இன்னும் நான்கு பகுதிகள் கிடைத்திருந்தால் இதே முடிவை நான் நெஞ்சு வலியோடு ஏற்றுக்கொண்டிருப்பேன்.

2018-இல் மட்டும் அமெரிக்காவில் 560 பெண் குழந்தைகளுக்கு டெனேரிஸின் பட்டமான கலீசி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த அம்மாக்களை நினைத்துக்கொண்டேன். அவர்கள் பெயர் வைத்தது அடிமைச் சங்கிலியை உடைத்தவளுக்கு.

மே 18

சீசனைத் திரும்ப எடுக்கச் சொல்லும் மனுவில் கையெழுத்து பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. தம்பி போட்டுவிட்டான். நான் போடவில்லை. பனியிலும் சேற்றிலும் ராத்திரி ராத்திரியாக நின்றவர்களின் உழைப்பு அது. எழுத்தின்மேல் இருக்கும் கோபத்தை அவர்கள்மேல் காட்ட மனம் வரவில்லை.

மே 20

முடிந்தது. சிறையில் டிரியன் ஜானிடம் பேசுவது இந்தச் சீசனின் நேர்மையான இடம்: டெனேரிஸ் போன இடமெல்லாம் கெட்டவர்கள் செத்தார்கள், நாமும் அவளைக் கொண்டாடினோம். தம்பி சொன்னதேதான். இதை முன்பே எங்களை உணரவைத்திருக்கலாம்.

ஜான் அவளைக் குத்துகிறான். டிரோகன் மூக்கால் அவளைத் தட்டித் தட்டி எழுப்பப் பார்க்கிறது. பிரான் ராஜா, அவனிடம்தான் சிறந்த கதை இருக்கிறதாம். ஆர்யாவையும் சான்சாவையும் வைத்துக்கொண்டு இதைச் சொல்லுகிறார்கள்! கடைசியில் ஜான் கோஸ்டின் தலையைத் தடவிக்கொடுத்தான். அங்கே அழுதுவிட்டேன்.

பிரியென், நைட்களின் சரித்திரத்தைப் பதியும் புத்தகத்தில் ஜெய்மியின் பக்கத்தைத் திறந்து விட்டுப்போனதை எழுதுகிறாள். தன் ராணியைக் காத்து மாண்டான் என்று முடிக்கிறாள். தன்னைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

மே 25

கோபமாக இருந்த ரசிகர்களே சேர்ந்து, டெனேரிஸாக நடித்த எமிலியா கிளார்க்கின் அறக்கட்டளைக்குப் பணம் திரட்டுகிறார்கள். மூளைக் காயத்திலிருந்து மீள்பவர்களுக்காக அவர் நடத்துவது அது. அவருக்கே முதல் சீசன் முடிந்ததும் மூளையில் ரத்தக்கசிவு வந்ததை இந்த மார்ச்சில்தான் எழுதியிருந்தார். கொடுத்த பாத்திரத்தை உயிரைக் கொடுத்து நடித்தவர். தம்பியும் நானும் ஆளுக்குக் கொஞ்சம் அனுப்பினோம்.

ஜூலை 17

எம்மி பரிந்துரைகள் வந்திருக்கின்றன. தொடருக்கு 32. பிரியெனாக நடித்த க்வெண்டலின் கிறிஸ்டியின் பெயரும் இருக்கிறது. அவர் பெயரைத் தொலைக்காட்சி நிறுவனம் அனுப்பவில்லை. அவரே தன் பெயரை அனுப்பியிருக்கிறார்.

தம்பிக்கு அனுப்பினேன். அங்கே நடுராத்திரி. உடனே பதில் வந்தது: "எழுந்திரு, பிரியென்."