எந்த இடத்தில் தள்ளுகிறது?

ஜூன் 3

வகுப்பறையை ஒட்டிய கொட்டகையில் பழைய ஜெட் இன்ஜின் ஒன்றை நீளவாக்கில் பாதியாக அறுத்து ஸ்டாண்டில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். சார் அதன் மேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்: "இதுதான் விமானத்தைத் தள்ளுது. சரி, எந்த இடத்துல தள்ளுது? தொட்டுக் காட்டுங்க."

எல்லோரும் வால் பக்கம் போய் நின்றோம். சூடான வாயு வெளியே வந்து பின்னாலிருக்கும் காற்றை உதைக்கிறது என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். "அப்ப காத்தே இல்லாத இடத்துல ராக்கெட் எதை உதைக்குதும்மா?" என்றார். பதிலைச் சொல்லாமலே கிளம்பிவிட்டார். எரிச்சலாக வந்தது.

ஜூன் 4

இன்று சிஎஃப்எம்56-5பி. ஏர்பஸ் ஏ320 குடும்ப விமானங்களில் பார்க்கும் இன்ஜின். முன்னால் 36 டைட்டானியம் பிளேடுகள் வைத்த ஃபேன், குறுக்களவு 1.73 மீட்டர். அதற்குப் பின்னால் காற்றை அடுக்கடுக்காக நெருக்கும் கம்ப்ரஸர். முப்பது மடங்குக்கு மேல் நெருக்கிய காற்றில் எரிபொருளைத் தெளித்து எரிக்கிறார்கள். எரிந்த வாயு டர்பைன் என்ற பிளேடு சக்கரத்தைச் சுழற்றிவிட்டு வெளியேறுகிறது. அந்த டர்பைன்தான் தண்டு வழியாக முன்னாலிருக்கும் ஃபேனையும் கம்ப்ரஸரையும் சுழற்றுகிறது. தண்டு இரண்டு, ஒன்றுக்குள் ஒன்று. ஃபேன் தண்டு நிமிடத்துக்கு ஏறக்குறைய 5,000 சுற்று, வெளித்தண்டு 14,000-க்கும் மேல்.

ராத்திரி அப்பாவிடம் போனில் சொன்னேன். முப்பது வருடமாக லாரி இன்ஜின் பிரிக்கும் மனிதர்.

"பிஸ்டன் கிடையாதா? வால்வும் இல்லையா?"

"இழுக்கறது, அமுக்கறது, எரிக்கறது, வெளிய தள்றது எல்லாம் இருக்குப்பா. உங்க சிலிண்டர்ல ஒண்ணு முடிஞ்சுதான் இன்னொண்ணு. இங்க ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி இடம். நாலும் ஒரே நேரத்துல, நிக்காம நடக்குது."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அப்ப சூடு வாங்குற இடத்துக்கு ஓய்வே கிடையாதேம்மா" என்றார். ஐந்து நிமிடத்தில் சரியான இடத்தைப் பிடித்துவிட்டார்!

ஜூன் 6

அப்பாவின் கேள்விக்குப் பதில் இன்று கைக்கு வந்தது. கழித்துக் கட்டிய ஒரு டர்பைன் பிளேடு, உயர் அழுத்தப் பகுதியில் இருந்தது. உள்ளங்கையில் அடங்குகிறது. நிக்கல் கலவை, ஒரே படிகமாக வளர்த்து வார்த்தது. விமானம் ஏறும்போது அதன் மேல் வந்து மோதும் வாயுவின் சூடு அந்த உலோகம் உருகும் சூட்டையே தாண்டிவிடும். உருகாமல் இருக்கக் காரணம், பிளேடின் உள்ளே குடைந்த பாதைகள். கம்ப்ரஸரிலிருந்து திருடிய காற்று அதற்குள் ஓடி, பொடிப் பொடித் துளைகள் வழியே கசிந்து, மேற்பரப்பில் போர்வை போலப் படர்கிறது. அந்தக் 'குளிர்ந்த' காற்றே பல நூறு டிகிரி. எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதுதான் விஷயம்.

ஜூன் 7

வயிற்றுவலி. வகுப்புக்குப் போகவில்லை. படுத்துக்கொண்டே, பிரிட்டனில் ஜெட் இன்ஜினை உருவாக்கிய ஃபிராங்க் விட்டில் பற்றிப் படித்தேன். 1930-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது வயது 22. 1935-ல் அதைப் புதுப்பிக்க 5 பவுண்டு கட்ட வேண்டும். கையில் பணமில்லை, அரசாங்கமும் கட்டவில்லை, உரிமை போய்விட்டது. இந்த மாத விடுதிக் கட்டணத்தை நினைத்துக்கொண்டேன். 1937 ஏப்ரலில் அவருடைய இன்ஜின் முதன்முதலாக ஓடியபோது, எரிபொருளை அடைத்த பிறகும் வேகம் ஏறிக்கொண்டே போனதாம். உள்ளே தேங்கியிருந்த எரிபொருள் எரிந்திருக்கிறது. சுற்றி நின்றவர்கள் ஓட்டம் பிடித்திருக்கிறார்கள்.

ஜூன் 10

கடைசியில் சார் கணக்கைக் கொடுத்தார். பழைய டர்போஜெட் (முன்னால் பெரிய ஃபேன் இல்லாத வகை) ஒன்று, எந்தப் பாகத்தின் மேல் எவ்வளவு விசை என்று. முன்னோக்கி: கம்ப்ரஸர் 19,049 பவுண்டு, காற்றின் வேகத்தைக் குறைத்து அழுத்தத்தைக் கூட்டும் டிஃப்யூசர் 2,186, எரியும் அறை 34,182, டர்பைனுக்குப் பின்னாலுள்ள குழாய் 2,419. பின்னோக்கி: டர்பைன் 41,091, வால் முனையில் குறுகும் வாயான நாசில் 5,587.

கூட்டிக் கழித்தால் மிச்சம் 11,158 பவுண்டு. அதுதான் த்ரஸ்ட்.

இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். 57,000-க்கு மேல் முன்னே, 46,000-க்கு மேல் பின்னே. உள்ளே நடப்பது வடம் இழுக்கும் சண்டை, விமானத்துக்குக் கிடைப்பது அதில் மிஞ்சியது. நாங்கள் முதல் நாள் ஓடிப்போய்த் தொட்ட வால் முனை, பின்னே இழுக்கும் கட்சி!

"அப்ப நாசிலைக் கழற்றிட்டா 5,587 மிச்சமாகுமா சார்?" என்று கேட்டேன். "கழற்றிப் பாரு. முன்னால அழுத்தமே நிக்காது, மத்த எண்ணெல்லாம் சரிஞ்சுடும்" என்றார். குழாயின் வாயை விரலால் குறுக்கினால்தான் தண்ணீர் பீய்ச்சும்; ஆனால் விரல் அந்த அழுத்தத்தைத் தாங்கியாக வேண்டும்.

ஜூன் 11

இப்போதுள்ள இன்ஜின்களில் சண்டையின் கணக்கு வேறு. சிஎஃப்எம்56-ல் மையத்துக்குள் போகும் ஒவ்வொரு கிலோ காற்றுக்கும் ஐந்து கிலோவுக்கு மேல் எரியாமல் வெளியோரமாகவே போகிறது. பைபாஸ். புதிய லீப்-1ஏ-யில் இது பதினொன்று.

ஏன் என்பதைச் சார் பலகையில் இரண்டே வரியில் போட்டார். தள்ளுவிசை (த்ரஸ்ட்), நொடிக்குப் போகும் காற்றின் எடையையும் அதன் வேகத்தை எவ்வளவு கூட்டுகிறோம் என்பதையும் பெருக்கினால் வருவது. செலவாகும் ஆற்றலோ வேகத்தின் வர்க்கப்படி ஏறும். தரையில் நிற்கும் இன்ஜினை எடுத்துக்கொண்டால், இரண்டு மடங்கு காற்றைப் பாதி வேகத்தில் தள்ளினாலும் த்ரஸ்ட் அதேதான், ஆற்றல் பாதி. அதனால்தான் ஃபேன் பெருத்துக்கொண்டே போகிறது. எரிந்த வாயு தன் பலத்தில் பெரும்பங்கை டர்பைனிடம் கொடுத்துவிடுகிறது, தள்ளும் வேலையில் பெரும்பகுதியை ஃபேன் செய்கிறது.

ஜூன் 13

சார் மறுபடி அதே கேள்வியைக் கேட்டார். இந்தத் தடவை நான் ஓடவில்லை. ஃபேன் முன்னே இழுக்கிறது, அதே தண்டின் மறுமுனையில் டர்பைன் பின்னே இழுக்கிறது. அந்தத் தண்டில் மிஞ்சும் இழுப்பைத் தாங்கி இன்ஜின் கூட்டுக்குக் கொடுப்பது முன்பக்கத்துக் குண்டு பேரிங் (ball bearing). கூட்டிலிருந்து மவுன்ட், அங்கிருந்து இறக்கை. பேரிங் இருக்கும் இடத்தில் விரலை வைத்தேன். சார் தலையை மட்டும் ஆட்டினார்.

அப்பாவுக்கு இதைச் சொன்னதும் குரல் மாறிவிட்டது. டர்பைனை விட்டுவிட்டார், ஃபேனை விட்டுவிட்டார்.

"அந்த பேரிங்குக்கு கிரீஸ் யார் வைக்கிறது?"

"கிரீஸ் இல்லப்பா. ஆயில், ஓடும்போதே பீய்ச்சிக்கிட்டே இருக்கும்."

"ஆயில் நின்னுட்டா?"

அதை நாளை கேட்க வேண்டும்.