தாழ்த்திய டொயோட்டா 86-க்கு டயர்: ஜூன் குறிப்புகள்

2024 ஜூன் 2, ஞாயிறு

கார், 2012-இல் வந்த முதல் தலைமுறை டொயோட்டா 86. அதன் இரட்டையான சுபாரு பிஆர்ஸெட்டுக்கும் இதே கணக்குதான். ஸ்பிரிங் மாற்றி 25 மி.மீ. இறக்கிய, தினமும் வேலைக்குப் போய்வரும் வண்டி.

கம்பெனி அளவு 215/45 ஆர்17: அகலம் 215 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 45 சதவீதம், ரிம் விட்டம் 17 அங்குலம். ரிம் அகலம் 7 அங்குலம், ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் உட்காரும் முகம் வெளிப்பக்கம் தள்ளியிருக்கும் தூரம், மி.மீ.) +48, போல்ட் வட்டம் 5×100 (100 மி.மீ. வட்டத்தில் ஐந்து போல்ட்), நடுத்துளை 56.1 மி.மீ. கூடவே வந்த டயர் மிஷ்லின் பிரைமசி எச்பி. பிரியஸ் காரிலும் போட்ட டயர் அது. குறைந்த வேகத்திலேயே பின்பக்கம் வழுக்கி விளையாட வேண்டும் என்று விரும்பித்தான் அப்படி ஒன்றைப் போட்டார்கள். அதனால் அளவைத் தொடாமல் நல்ல ரப்பருக்கு மாறினாலே இந்தக் கார் வேறு காராகிவிடும். அகலம் பற்றிய யோசனையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இறக்கிய காரில் முதலில் பார்க்க வேண்டியது, சஸ்பென்ஷன் மேலே ஏற இன்னும் எவ்வளவு இடம் மிச்சம் என்பதை. 25 மி.மீ. போய்விட்டது. பள்ளத்தில் விழுந்தால் பம்ப் ஸ்டாப்பை (சஸ்பென்ஷன் மேலே ஏறும்போது கடைசியில் முட்டும் ரப்பர்) முன்பைவிடச் சீக்கிரம் தொடும். மீதி அடியை வாங்குவது டயரின் பக்கச்சுவர். உயரம் குறைத்த கையோடு பக்கச்சுவரையும் குறைத்தால் ரிம் வளையும்.

ஜூன் 4, செவ்வாய்

இன்று விட்டக் கணக்கு. அகலத்தை விகிதத்தால் பெருக்கி, இரட்டித்து, ரிம் விட்டத்தைக் கூட்டினால் போதும். 17 அங்குலம் 431.8 மி.மீ., 18 அங்குலம் 457.2 மி.மீ.

215/45 ஆர்17: விட்டம் 625.3, பக்கச்சுவர் 96.8.
225/45 ஆர்17: விட்டம் 634.3, பக்கச்சுவர் 101.3.
245/40 ஆர்17: விட்டம் 627.8, பக்கச்சுவர் 98.
215/40 ஆர்18: விட்டம் 629.2, பக்கச்சுவர் 86.
225/40 ஆர்18: விட்டம் 637.2, பக்கச்சுவர் 90.

என் தேர்வு 225/45 ஆர்17. பழைய டயரைவிட 1.4 சதவீதம் பெரியது. முள் 100 காட்டும்போது முன்பைவிட 1.4 கி.மீ. வேகமாகப் போவீர்கள். வேகமானிகள் பொதுவாகச் சற்றுக் கூட்டியே காட்டும் என்பதால் இதில் கவலை இல்லை. கியர் அதே அளவு நீளும், சக்கரத்துக்கு மேலுள்ள ஆர்ச்சில் 4.5 மி.மீ. இடைவெளி குறையும். எத்தனையோ குடும்பக் கார்களில் ஓடும் அளவு இது என்பதால் எல்லாக் கம்பெனியிலும் கிடைக்கும், விலையும் அடக்கம்.

245/40 விட்டத்தில் அழகாகப் பொருந்துகிறது. ஆனால் அதற்குக் குறைந்தது 8 அங்குல ரிம் வேண்டும், 8.5 அல்லது 9 இருந்தால்தான் டயரின் தோள்பட்டை (ஓரம்) ஒழுங்காக நிற்கும். அந்த அகலம் வந்தால் கேம்பரும் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும் கோணம்) கூட்ட வேண்டும், ஃபெண்டரின் (சக்கரத்தை மூடும் தகடு) உள்மடிப்பையும் தட்ட வேண்டும். தினசரி வண்டிக்கு அது வேண்டாம். 18 அங்குலம் மோசமில்லை. அடுத்த தலைமுறை ஜிஆர்86-இன் உயர்ரகத்துக்கே 215/40 ஆர்18 வருகிறது. ஆனால் அது இறக்காத கார்.

ஜூன் 8, சனி

ரிம். 225/45-க்கு அனுமதித்த ரிம் அகலம் 7 முதல் 8.5 அங்குலம். பழைய 7 அங்குல ரிம்மிலேயே ஏறும்; ஆனால் பக்கச்சுவர் பிதுங்கி, திருப்பத்தில் துவளும். 8 அங்குலம், +45 சரியான இடம்.

புது ரிம்மின் வெளிவிளிம்பு 15.7 மி.மீ. வெளியே வரும், உள்விளிம்பு 9.7 மி.மீ. உள்ளே போகும். டயரின் முகம் அவ்வளவு நகராது. ரிம் அரை அங்குலம் அகன்றால் டயர் சுமார் 5 மி.மீ. விரியும், 225 டயரை அளப்பது 7.5 அங்குல ரிம்மில் என்பதால் 8-இல் ஏறத்தாழ 230. ஆக டயர் முகம் வெளியே 10.5, உள்ளே ஸ்ட்ரட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) பக்கம் 4.5 மி.மீ. தொடுமா தொடாதா என்பதை இந்த எண்களே சொல்லும். ரிம் அகலத்தை மட்டும் பார்த்து முடிவு செய்தால் ஏமாறுவீர்கள்.

வெளிக் கம்பெனி ரிம்களின் நடுத்துளை பெரும்பாலும் 73.1 மி.மீ. அப்படியானால் 73.1–56.1 ஹப் வளையம் கட்டாயம். அது இல்லாமல் மாட்டினால் ரிம் மையத்தில் உட்காராது. எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும்.

ஜூன் 9, ஞாயிறு

உரசல் சோதனை. தரையில் நிற்கும் காரைச் சுற்றி விரல் விட்டுப் பார்ப்பதில் பயனில்லை. ஒரு முன் ஸ்ட்ரட்டிலிருந்து ஸ்பிரிங்கைக் கழற்றி, ஸ்ட்ரட்டை மட்டும் திரும்ப மாட்டி, வீலையும் மாட்டுங்கள். காரை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, சக்கரத்தைப் பிடிக்கும் கீழ்க் கையின் (லோயர் ஆர்ம்) அடியில் ஜாக் வைத்து பம்ப் ஸ்டாப் பாதி நசுங்கும்வரை ஏற்றுங்கள். பிறகு ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் திருப்பிப் பாருங்கள்.

முதலில் தொடும் இடம் முன் பம்பரும் ஃபெண்டரும் சேரும் மூலை, அதன் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனர். லேசாக உரசினால் ஹீட் கன்னால் சூடாக்கி உள்ளே அமுக்கலாம். பின்பக்கம் ஃபெண்டரின் உள்மடிப்பு. ஸ்ட்ரட் பக்கம் களிமண் உருண்டை ஒட்டி, சக்கரத்தைச் சுற்றி, நசுங்கிய தடிமனை அளந்தால் போதும். 5 மி.மீ.க்குக் கீழே போகக்கூடாது. காயிலோவர் (உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்–ஷாக் தொகுப்பு) போட்டவர்கள் ஸ்பிரிங்கின் கீழ்த்தட்டை மறக்க வேண்டாம். காரை எவ்வளவு இறக்குகிறோமோ அவ்வளவு அது டயரை நெருங்கும் வகைகள் உண்டு.

ஜூன் 12, புதன்

அலைன்மென்ட். இறக்கிய காரில் உள்விளிம்பு மொட்டையானால் எல்லோரும் கேம்பரைத்தான் திட்டுகிறார்கள். பெரும்பாலும் தின்பது டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு. மொத்த டோ 3 மி.மீ. தவறினால் சக்கரத்துக்கு 1.5 மி.மீ.; 634 மி.மீ. விட்டத்தில், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் டயர் 2.4 மீட்டர் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. 10,000 கி.மீ.க்கு 24 கி.மீ.! இதனோடு நெகடிவ் கேம்பரும் சேரும்போது தேய்ப்பு முழுதும் உள்விளிம்பில் விழுகிறது.

86-இல் பின்பக்க டோவைத் திருத்தலாம். பின் கேம்பருக்குக் கம்பெனி வழி எதுவும் வைக்கவில்லை, இறக்கிய அளவுக்குத் தானாக ஏறும். முன்பக்கம் ஸ்ட்ரட்டில் கேம்பர் போல்ட் மாற்றிக் கொஞ்சம் எடுக்கலாம். தினசரிக்கு நான் வைப்பது: முன் கேம்பர் −1.3 டிகிரி அளவில், முன் டோ பூஜ்யம், பின் டோ மொத்தம் 2 மி.மீ. உள்நோக்கி. பின் கேம்பர் −2-ஐத் தாண்டினால் மாற்றுக் கீழ்க் கை வாங்குவது டயர் வாங்குவதைவிட லாபம். கைகளின் புஷ் (ரப்பர் மூட்டு) போல்ட்டுகளைத் தளர்த்தி, கார் தரையில் நிற்கும் உயரத்தில் மறுபடி இறுக்கிய பின்பே அலைன்மென்ட்டுக்கு விடுங்கள்.

ஜூன் 16, ஞாயிறு

பிராண்ட். சிங்கப்பூர், மலேசியா போல ஆண்டு முழுதும் சூடும் மழையும் உள்ள ஊரில் மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் 4 அல்லது 5, குட்இயர் ஈகிள் எஃப்1 அசிமெட்ரிக். அமெரிக்காவில் காண்டினென்டல் எக்ஸ்ட்ரீம்கான்டாக்ட் ஸ்போர்ட் 02; பணம் இடித்தால் ஃபயர்ஸ்டோன் ஃபயர்ஹாக் இண்டி 500. குளிரில் 7 டிகிரிக்குக் கீழே போகும் ஊர்களுக்கு இவை எதுவும் ஆகாது, ரப்பர் விறைத்துவிடும்.

அடுத்த வகை, தேய்மான எண் (குறைந்தால் சீக்கிரம் தேயும்) 200 போட்டவை: பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்இ-71ஆர்எஸ், யோகோஹாமா நியோவா ஏடி09, ஃபால்கன் ஆர்டி660. காய்ந்த தரையில் அபாரம். ஆனால் சத்தம் அதிகம், ஆயுள் குறைவு, தேங்கிய நீரில் பயம். இவற்றின் தோள்பட்டை சதுரமாக இருக்கும். அதே 225 என்று எழுதியிருந்தாலும் பைலட் ஸ்போர்ட் உரசாத இடத்தில் இவை உரசும். தேய்மான எண்ணை ஒவ்வொரு கம்பெனியும் தானே சோதித்துப் போட்டுக்கொள்கிறது. ஒரே கம்பெனியின் இரண்டு டயர்களை ஒப்பிட அது உதவும், இரு கம்பெனிகளுக்கு இடையே அவ்வளவாக உதவாது. ஐரோப்பிய லேபிள் ஒட்டியிருந்தால் ஈரப்பிடிப்பு ஏ அல்லது பி. அதற்குக் கீழே வாங்காதீர்கள்.

ஜூன் 29, சனி

மாட்டும் நாள். டயரின் பக்கச்சுவரில் உள்ள டாட் (DOT) குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் வாரமும் ஆண்டும்: 1124 என்றால் 2024-இன் 11-ஆம் வாரம். நான்கிலும் பாருங்கள், இரண்டு ஆண்டைத் தாண்டியதைத் திருப்பிக் கொடுங்கள். வீல் நட் எம்12×1.25, இறுக்கம் 120 நியூட்டன் மீட்டர், 100 கி.மீ. ஓடியதும் மறுபடி. கதவோரத்தில் 35 பிஎஸ்ஐ என்றிருந்தால், எக்ஸ்எல் (கூடுதல் சுமை) குறியுள்ள, சுமைக் குறியீடு 94 கொண்ட டயருக்கு 36 வையுங்கள். எக்ஸ்எல் டயரின் முழுச்சுமை 2.9 பாரில் கணக்கிட்டது, சாதாரண டயருக்கு 2.5.

5,000 கி.மீ.க்கு ஒருமுறை உள், நடு, வெளி மூன்றிலும் ஆழம் அளந்து எழுதுங்கள். உள்ளே 1 மி.மீ. கூடுதலாகத் தேய்ந்திருந்தால் முதலில் டோவைப் பாருங்கள். உள்–வெளி முகம் மட்டும் குறித்த டயரை நான்கு மூலையிலும் மாற்றலாம், ஆனால் உள்விளிம்பு உள்ளேயே இருக்கும். சுழல் திசை மட்டும் குறித்த டயரைக் கழற்றி இடமும் வலமும் மாற்றி ஏற்றினால், தேய்ந்த உள்விளிம்பு வெளியே வந்துவிடும்.