வவுனியாவில் கடல் வந்த மூன்று நாள்

டபிள்யூஆர்எஃப் என்ற கணினி வானிலை மாதிரியோடு வரும் மோடிஸ் (செய்மதிக் கருவி) நிலப்பரப்புத் தரவு 2000களின் தொடக்கத்தைச் சேர்ந்தது. வன்னியில் அது போரும் இடப்பெயர்வுமாக இருந்த காலம். அப்போது பற்றை மண்டிக் கிடந்த வயல்களில் பல இன்று பெரும்போகம் விளைகின்றன. மாதிரிக்கு அது தெரியாது. வெயிலைத் திருப்புவதிலும் நீரை ஆவியாக்குவதிலும் காடும் வயலும் ஒன்றல்லவே! அதனால்தான் ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் (ஈசா) 10 மீட்டர் நுணுக்கமுள்ள வேர்ல்ட்கவர் 2021 நிலப்பரப்புத் தரவை மாதிரியில் ஏற்ற முடிவெடுத்தேன்.

முதல் இரவே வீண். தரவு 3 பாகைக் கட்டங்களாக வருகிறது, வெட்டு சரியாக 9 பாகை வடக்கில் விழுகிறது. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் ஒரு கோப்பில், வவுனியா அடுத்ததில். நான் ஒன்றை மட்டும் இறக்கியிருந்தேன். இரண்டையும் எடுங்கள்.

அப்புறம் தரவை 1 கிலோமீட்டர் சதுரங்களாகச் சுருக்கும்போது 'சராசரி' என்று கொடுத்துவிட்டேன். இவை அளவுகள் அல்ல, வகைகளுக்கு வைத்த எண்கள். வயல் 40, நீர் 80. இரண்டும் பாதிப்பாதி இருந்த இடத்தில் 60 வந்தது, அது வெறுந்தரை. இரணைமடுக் குளக்கரையில் கட்டாந்தரை! எது அதிகமோ அந்த வகையை எடுக்கும் முறையில் திரும்பச் சுருக்கினேன்.

இந்த எண்களை மாதிரி புரிந்துகொள்ளும் மோடிஸ் வகை எண்களுக்கு மாற்றியது ஒரு மணி நேர வேலை.

பெரிய அடி பிறகுதான். தரவை மாதிரியின் சதுரங்களில் பொருத்தும் ஜியோகிரிட் நிரல் ஒரு பிழையும் சொல்லாமல் முடிந்தது. படத்தை எட்டிப் பார்த்த அப்பா, "வவுனியாவில எப்பயடா கடல் வந்தது?" என்றார். வடக்கு தெற்காகப் புரண்டிருந்தது. செய்மதிப் படக்கோப்பு வடக்கு வரிசையில் தொடங்குகிறது. வேறு சொல்லாவிட்டால் ஜியோகிரிட் தெற்கு வரிசைதான் முதல் என்று எடுத்துக்கொள்ளும். தரவை விவரிக்கும் இண்டெக்ஸ் கோப்பில் வரிசை மேலிருந்து கீழ் என்று ஒரு வரி எழுத வேண்டும், அவ்வளவுதான். அதைக் கண்டுபிடிக்க மூன்று நாள் போனது. 'வெற்றி' என்று திரை சொன்னாலும் படத்தைத் திறந்து பாருங்கள், ஊர் தெரிந்த ஒருவரிடமும் காட்டுங்கள்.

குளங்களில் இன்னும் கவனம். எல்லா நீருக்கும் மோடிஸின் பொது நீர் எண்ணான 17 போட்டால் குளமும் கடல் வெப்பநிலையை வாங்கிக்கொள்ளும். உள்நாட்டு நீருக்கு 21. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு மூன்றையும் கையால் பிரித்தேன். கோடையில் வற்றும் சிறு குளங்கள் வேர்ல்ட்கவரின் நிரந்தர நீரில் வராது, அவற்றை விட்டுவிட்டேன்.

நேற்று மறுபடி ஓட்டினேன். எங்கள் வயல் இருக்கும் சதுரத்தில் 12 நிற்கிறது, பயிர்நிலம். அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.