“நல்லா வேலை செய்யுதே சிஸ்டர்!”

பாதரசம் வைத்த பழைய பி.பி. கருவிகளையும் தெர்மாமீட்டர்களையும் அரசு ஆஸ்பத்திரியிலிருந்து வெளியேற்றும் வேலை உங்கள் தலையில் விழுந்தால், ஃபைல் போடுவதற்கு முன்னால் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். எனக்கு முன்னால் யாராவது எழுதி வைத்திருந்தால் நான் இவ்வளவு அலைந்திருக்க மாட்டேன்.

கம்பம் பள்ளத்தாக்கில், குமுளி மலைக்குக் கீழே இருக்கும் ஓர் அரசு மருத்துவமனையில் நான் செவிலியர். தொற்றுத் தடுப்பு எனக்குக் கூடுதல் பொறுப்பு. ஏலத்தோட்டத்து ஜீப்புகள் மலையிறங்கி வரும் நாட்களில் ஓ.பி.யில் நிற்க இடம் இருக்காது. இதற்கு நடுவில்தான் காயகல்ப் மதிப்பீடு வந்தது, அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மதிப்பெண் போட்டு விருது தரும் மத்திய அரசுத் திட்டம் அது. முன்பு தூய்மை, கழிவு மேலாண்மை, தொற்றுத் தடுப்பு என்று பார்த்தவர்கள் இப்போது சுற்றுச்சூழலுக்கும் தனியாக மதிப்பெண் போடுகிறார்கள். எல்.இ.டி. விளக்கு, மழைநீர்த் தொட்டி, நான்கு நிற வாளி, பைகளில் பார்கோடு இதெல்லாம் பெரிய சிரமமில்லாமல் முடிந்தது. மரக்கன்றுகளும் நட்டு, போட்டோவும் எடுத்தாயிற்று. பாதரசத்தில்தான் மாட்டிக்கொண்டோம்.

முதலில் மஞ்சள் பையில் போட்டு அனுப்பிவிடலாம் என்றார்கள் சிலர். கூடாது. மஞ்சள் பை எரியுலைக்குப் போகிறது. எரித்தால் பாதரசம் எங்கும் மறைவதில்லை, ஆவியாகிப் புகையோடு வெளியே வரும். கழிவு வண்டிக்காரரே பார்த்துவிட்டு, “இத நாங்க எடுக்க மாட்டோம்மா” என்றார். அவர் சொன்னதுதான் சரி. 2016 மருத்துவக் கழிவு விதிகள் இதைத் தன் கணக்கில் சேர்ப்பதில்லை, அபாயகரக் கழிவு விதிகளின் பக்கம் தள்ளிவிடுகின்றன.

சரி, கண்டம் செய்து, அதாவது இனி உதவாது என்று எழுதி, கணக்கிலிருந்து எடுத்துவிடலாம் என்று போனால் அங்கேதான் சிக்கல். ஒரு பொருளைக் கண்டம் செய்ய அது பழுதாகி, பழுது பார்க்கவும் முடியாது என்று சான்று வேண்டும். பயோமெடிக்கல் இன்ஜினியர் தம்பி வந்து ஒவ்வொன்றாகக் கையில் கட்டி, காற்றடித்துப் பார்த்தார். “நல்லா வேலை செய்யுதே சிஸ்டர்! இத ரிப்பேர்னு எப்படி எழுதிக் குடுக்குறது?” என்றார். அவர் மேல் குற்றமில்லை. பாதரசக் கருவிகள் அவ்வளவு சுலபத்தில் கெடுவதில்லை. எங்கள் பெரிய டாக்டர் ஒருவர் இன்றுவரை வேறு எதையும் நம்புவதில்லை.

மாவட்ட அலுவலகத்து எழுத்தர் கேட்ட காகிதங்களைக் கொண்டு ஒரு சணல் பையை நிரப்பலாம். இருப்புப் பதிவேட்டின் பக்கம், வாங்கிய ஆண்டு, வாங்கிய விலை, கடைசியாகப் பழுது பார்த்த விவரம். கருவிகளில் பாதி, தேனி தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முன், மதுரைக் கணக்கில் இருந்த காலத்தில் வந்தவை. அந்தப் பதிவேடு எங்களிடம் இல்லை. மதுரையில் கேட்கச் சொன்னார். மதுரையில் கேட்டால், பிரிந்தபோதே எல்லாவற்றையும் தேனிக்கு அனுப்பிவிட்டோம் என்றார்கள். பஸ் காசும் ஒரு நாள் லீவும் போனதுதான் மிச்சம்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது, யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். பழைய பதிவேடு இல்லாவிட்டால், இப்போது கையில் இருப்பதை எண்ணி, மருத்துவ அலுவலர், ஸ்டோர் ஃபார்மசிஸ்ட், செவிலியர் கண்காணிப்பாளர் மூவரும் கையெழுத்திட்டு நேரடி இருப்புப் பட்டியல் ஒன்று தயாரியுங்கள். ‘வாங்கிய ஆண்டு தெரியவில்லை’ என்று துணிந்து எழுதுங்கள். அந்தக் கட்டம் காலியாக இருந்தால்தான் ஃபைல் திரும்பி வரும். எங்கள் ஃபைல் அதோடு நகர்ந்தது.

ஆனால் அடுத்த மேசையில் மறுபடி நின்றது. கண்டம் செய்த பொருளை ஏலம் விட்டு, தொகையை அரசுக் கணக்கில் கட்ட வேண்டும் என்பது வழக்கம். “ஏலம் விடாம எப்படிம்மா முடிக்கிறது? நாளைக்கு ஆடிட்ல காசு எங்கன்னு கேட்டா நீங்க வந்து பதில் சொல்வீங்களா?” என்றார் எழுத்தர். கட்டில், நாற்காலி, துருப்பிடித்த ஸ்ட்ரெச்சர் எல்லாவற்றோடும் இதையும் சேர்த்து ஒரே லாட்டாகப் போட்டுவிடுங்கள் என்று யோசனையும் சொன்னார்.

அதாவது பாதரசத்தைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்ப வேண்டும். எங்களுக்கு அண்ணாந்து பார்த்தால் தெரிகிற மலைத்தொடரில்தான் கொடைக்கானல். 2001-ல் அங்கே மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய சாமான் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த தெர்மாமீட்டர் கண்ணாடி மூட்டை மூட்டையாகக் கிடந்தது தெரிய வந்துதான், அங்கிருந்த தெர்மாமீட்டர் ஆலையே மூடப்பட்டது. 2003-ல் ஏறக்குறைய 290 டன் பாதரசக் கழிவைக் கப்பலில் ஏற்றி அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஆலையில் வேலை பார்த்தவர்கள் நிவாரணத்துக்காக அதற்கப்புறமும் பல வருடம் போராடினார்கள். இவ்வளவையும் பக்கத்திலிருந்து பார்த்த ஊர்க்காரர்கள் நாம், அதே பாதரசத்தை அரசு ஏலத்தில் விற்பதா?

இதைத்தான் முகப்புக் கடிதத்தில் நான்கு வரியாக எழுதினேன். பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்கான உலக ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-ல் ஏற்றுக்கொண்டது, பாதரசக் கருவிகள் பயன்பாட்டிலிருந்து விலக வேண்டியவை என்பதைக் காரணமாகக் காட்டினேன். ‘பழுது’ என்ற கட்டத்தை அடித்துவிட்டு, ‘பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டது, அபாயகரக் கழிவு, ஏலத்துக்கு உரியதல்ல’ என்று எழுதினேன். ஏலப் பொருள் பட்டியலிலிருந்து இதைப் பிரித்துத் தனி ஃபைலாகவே போட்டேன். இது என் யோசனை இல்லை. மலைக்கு மேலே, பீருமேடு பக்கம் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் என் சித்தி மகள் சொன்னது. “அக்கா, நாற்காலியோட சேத்தா நாற்காலிக்கான விதிதான் இதுக்கும் வரும், தனியாப் போடு” என்றாள். கேரளத்தில் ஹரித சட்டம் (பசுமை நடைமுறை) என்று கல்யாண வீட்டில்கூட ஸ்டீல் தம்ளரைத்தான் வைக்கிறார்கள், வீடுவீடாக ஹரித கர்ம சேனை என்ற கழிவு சேகரிக்கும் குழுவின் பெண்கள் வந்து பிளாஸ்டிக்கை எடுத்துப் போகிறார்கள். அங்கேயும் ஃபைல் என்றால் ஃபைல்தான் என்று அவளே சிரித்தாள்.

தனி ஃபைல் மேலதிகாரி மேசைக்குப் போனது. கொடைக்கானல் வரிகளுக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு, கையெழுத்துப் போட்டிருந்தார். அன்றைக்குக் கேன்டீனில் எல்லாருக்கும் என் செலவில் டீ.

மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் நான் வாயைத் திறப்பதற்குள் முதல் கேள்வி, “இது கேரளாக் கழிவு இல்லையே?” கம்பம் பக்கம் என்று சொன்னதால் வந்த சந்தேகம். 2024 டிசம்பரில் திருநெல்வேலிப் பக்கத்தில் கேரள மருத்துவக் கழிவைக் கொட்டி, பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகு கேரளத்துக்காரர்களே லாரி கொண்டுவந்து அள்ளிப் போனார்கள் இல்லையா, அதிலிருந்து எல்லையோரத்து ஆஸ்பத்திரிப் பெட்டி என்றாலே எல்லாருக்கும் ஒரு பார்வை. இருப்புப் பட்டியலின் நகலை எப்போதும் கையோடு வைத்திருங்கள். அதைக் காட்டியதும் பேச்சு மாறியது. அப்புறம் அங்கே நன்றாகவே உதவினார்கள்: யாரிடம் ஒப்படைக்க அனுமதி உண்டு, அனுப்பும்போது கழிவோடு கூடவே போகும் படிவம் 10 எப்படி நிரப்புவது, 90 நாளுக்கு மேல் வைத்திருக்க நேர்ந்தால் வாரியத்துக்கு எழுதி நீட்டிப்பு வாங்க வேண்டும் என்பது வரை.

வார்டுகளிலிருந்து ஸ்டோருக்கு மாற்றும்போது ஒரு பி.பி. கருவியின் கண்ணாடிக் குழாய் உடைந்தது. ஒரு தெர்மாமீட்டரில் ஏறக்குறைய ஒரு கிராம்தான் இருக்கும், பி.பி. கருவியில் அதைப்போல பல பத்து மடங்கு. தரையெல்லாம் வெள்ளிக் குண்டுமணிகள். துப்புரவு அக்கா விளக்குமாற்றோடு ஓடி வந்தார். நான் போட்ட சத்தத்தில் வராந்தாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பெருக்கினால் பாதரசம் இன்னும் சிறு துளிகளாகச் சிதறும், ஆவியாவதும் கூடும். வாக்குவம் கிளீனரும் ஆகாது. ஆட்களை வெளியேற்றி, ஜன்னலைத் திறந்து, ஃபேனை நிறுத்தி, கையுறை போட்டு, இரண்டு அட்டைத் துண்டுகளால் ஒன்றுகூட்டி, ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சி, தண்ணீர் ஊற்றிய மூடி போட்ட டப்பாவில் விட வேண்டும். மிச்சம் மீதியை ஒட்டுநாடாவில் ஒற்றி எடுங்கள். முதலில் வளையலையும் மோதிரத்தையும் கழற்றுங்கள், பாதரசம் தங்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். “தங்கத்தத் திங்குமாம்ல!” என்று அக்கா தாலிச் சங்கிலியை ஜாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டு நான்கடி தள்ளி நின்றதுதான் அன்றைக்கு நடந்த ஒரே புத்திசாலித்தனம். அந்த அக்கா ஒப்பந்தத் தொழிலாளி. பயிற்சிக்கு டாக்டர்களையும் நர்ஸ்களையும் கூப்பிட்ட சுற்றறிக்கையில் அவரைப் போன்றவர்கள் யார் பெயரும் இல்லை. உடைந்ததை முதலில் தொடப்போவது அவர்கள்தான். அடுத்த பயிற்சிக்கு நாங்களே பெயர் சேர்த்துக் கொடுத்துவிட்டோம்.

இன்னொன்று: மாற்றுக் கருவி கைக்கு வராமல் பழையதை வார்டிலிருந்து எடுக்காதீர்கள். எங்களுக்கு டிஜிட்டல் கருவிகள் தாமதமாக வந்தன. அதுவரை எமர்ஜென்சியில் ஒரே ஒரு கருவி கை மாறிக்கொண்டிருந்தது, கூட்டமுள்ள நேரத்தில் அது பெரிய ஆபத்து. வந்தவற்றையும் அவ்வப்போது அளவு சரிபார்க்க வேண்டும், அதற்கும் ஒரு பதிவேடு திறந்து வையுங்கள். இவை பேட்டரியை வேறு தின்கின்றன. பாதரசத்தை அனுப்பிவிட்டு பேட்டரியைக் குப்பையில் போடுவதா என்று கேட்டு, செலவான பேட்டரிக்கு ஸ்டோரில் ஒரு டப்பா வைத்திருக்கிறேன்.

பெட்டி கிளம்பிப் போய்விட்டது. படிவம் 10-ன் நகல் ஃபைலில் இருக்கிறது, ஆடிட்டில் கேட்டால் அதைத்தான் நீட்டுவேன். அடுத்ததாக மாடிப்படிக்குக் கீழே அடுக்கி வைத்திருக்கும் பழைய டியூப்லைட்டுகள். அதிலும் பாதரசம் உண்டு. உடைத்துப் போட்டுவிட வேண்டாம் என்று எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் சொல்லியாயிற்று. நேரடி இருப்புப் பட்டியலுக்கு இந்த முறை அவர் கையெழுத்தையும் சேர்த்து வாங்கப் போகிறேன்.