நிறமில்லாத ஊரை எழுதிய மூன்று மாதம்

எங்கள் வட்டார நூலகத்தில் மாதம் ஒருமுறை கூடுவோம், பத்துப் பன்னிரண்டு பேர். எழுதியதை வாசித்துக் காட்டிப் பேசுவோம். போன ஆண்டு ஒரு சந்திப்பில் கொடுத்த தலைப்பு இது: எல்லாரும் ஒரே மாதிரிதான் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்ட ஊர், அங்கே ஒருத்தி முதன்முதலாக நிறத்தைப் பார்க்கிறாள். மூன்று மாத அவகாசம். பிள்ளைகள் தூங்கிய பிறகு சிங்கப்பூர் யீஷூனில் இருக்கும் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து பத்தே நாளில் எழுதிவிட்டேன்.

எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். அவரிடம்தான் முதலில் கொடுத்தேன். இரண்டாவது வரியிலேயே பென்சில் நின்றுவிட்டது. "அவள் பச்சைத் தண்ணீரில் முகம் கழுவினாள்" என்று எழுதியிருந்தேன்.

"ஏம்மா, நிறமே இல்லாத ஊர்ல தண்ணி மட்டும் எப்படிப் பச்சையா இருக்கு?"

சரி, நிறச் சொற்களைப் பொறுக்கி எடுத்துவிடலாம் என்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தன. பச்சைக் குழந்தை, வெள்ளந்தி மனிதர், முகம் கறுத்தது, கண் சிவந்தது, சாயம் வெளுத்தது, செம்மையாகச் செய்தாள். எட்டுப் பக்கக் கதையில் 41 இடங்கள். இவற்றை எழுதும்போது நிறத்தை நினைத்தே இருக்கவில்லை. தமிழில் வாயைத் திறந்தாலே நிறம் வந்து விழுகிறது.

அடுத்த சந்திப்பில் இதைச் சொன்னபோது ஆசிரியர் தொல்காப்பியத்தின் உரியியலிலிருந்து ஒரு வரி சொன்னார்: "கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள." வெகுளி என்றால் கோபம். இவை நிறத்தையும் உணர்த்தும் என்பது அதற்கு அடுத்துத்தான் வருகிறது. அன்று வீடு திரும்பும்போது எம்ஆர்டி ரயிலில் எனக்கு வேறு எதுவுமே ஓடவில்லை. அப்படியானால் என் ஊரில் நிறத்தைத் தடை செய்தவர்கள் கோபத்தைச் சொல்லும் சொற்களையும் சேர்த்தே எடுத்திருப்பார்கள். முகம் கறுக்க முடியாது, கண் சிவக்க முடியாது. அந்த ஊர் ஏன் அவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பதற்கு அப்போதுதான் எனக்கே காரணம் கிடைத்தது. இரண்டாவது வரைவை அங்கிருந்து தொடங்கினேன்.

அதில் ஓர் இடத்தில் வெகுநாள் நின்றேன். அந்த ஊர்க்காரர்கள் ஏன் இந்தச் சட்டத்துக்கு ஒப்புக்கொண்டார்கள்? அவர்களை முட்டாள்களாகவோ கொடியவர்களாகவோ காட்டினால் கதை பொய்யாகிவிடும். விடை என்னிடமே இருந்தது. எனக்கு வரன் பார்த்த நாட்களில், "பொண்ணு நிறம் கம்மிதான், ஆனா லட்சணம்" என்று என் அத்தை நான் அருகில் இருக்கும்போதே சொல்வார். 'நல்ல நிறம்' என்றால் எந்த நிறம் என்று நம் வீடுகளில் யாரும் விளக்க வேண்டியதில்லை. அப்படி ஒரு சட்டம் வந்திருந்தால், 24 வயதில் நான் கைநாட்டு வைத்திருப்பேன். அதை அப்படியே கதையில் ஒரு தாயின் வாயில் வைத்தேன். என் பெண் அழக்கூடாது என்றுதான் கைதூக்கினேன் என்கிறாள் அவள். கதையில் நான் திருத்தாமல் விட்ட ஒரே பகுதி அது.

அப்புறம் முக்கியமான கட்டம், நிறத்தை அவள் காணும் கணம். நிறமே தெரியாத கண் முதலில் எதைப் பார்க்கும்? கொஞ்சம் படித்தேன். மைக்ரோனேசியாவில் பிங்கெலாப் என்றொரு சின்னத் தீவு. 18ஆம் நூற்றாண்டில் அடித்த சூறாவளிக்குத் தப்பியவர்கள் இருபது பேரளவில்தான். அவர்களுடைய வழிவந்தவர்களில் பிறவியிலேயே நிறம் தெரியாதவர்கள் அதிகம். அவர்களுக்கு உலகம் 'சாம்பல்' அல்ல. சாம்பல் என்பது மற்ற நிறங்களைப் பார்த்த நாம் வைக்கும் பெயர். கதையிலிருந்த சாம்பல்களையெல்லாம் அடித்தேன்.

நம் கண்ணும் தினம் ஒரு தடவை நிறம் தெரியாத கண்ணாகிறது என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். இருட்டில் வேலை செய்யும் கோல் செல்களுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. வெளிச்சம் ஏறிய பிறகே கூம்புச் செல்கள் விழிக்கும். மங்கலில் சிவப்புதான் எல்லாவற்றையும்விட இருண்டு தெரியும். செக் நாட்டு அறிவியலர் புர்க்கின்யே 19ஆம் நூற்றாண்டிலேயே பூக்களைப் பார்த்து இதைக் கவனித்திருக்கிறார்.

நான்கு நாள் தொடர்ந்து விடியலுக்கு முன் கீழே இறங்கினேன். சிங்கப்பூரில் ஏழு மணிவாக்கில்தான் சூரியன் எழும். எங்கள் புளோக்குக்குப் பின்னால், விளக்குக் கம்பத்தின் வெளிச்சம் எட்டாத மூலையில் இட்லிப்பூ வேலி இருக்கிறது. ஆறே கால் மணிக்குப் பூங்கொத்து இலையைவிடக் கறுப்பாக, வேலியில் விழுந்த ஓட்டை போல இருந்தது. ஆறரை தாண்டி இலைகள் மெல்லத் தெளிந்தன. பூ அப்படியே இருட்டாக இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த நிமிடத்தில் மாறியது என்று நான்கு நாளும் என்னால் பிடிக்க முடியவில்லை. பார்த்துக்கொண்டே இருக்கும்போது அந்த ஓட்டை முன்னால் வந்துவிட்டது. இலைக்குப் பின்னால் கிடந்தது இலைக்கு முன்னால் நின்றது. என் கதைப் பெண்ணுக்கும் அப்படியே எழுதினேன்: "பள்ளமாக இருந்தது மேடாயிற்று."

ஆனால் அவள் அதை என்னவென்று சொல்வாள்? இந்தக் குழப்பத்தோடுதான் தீபாவளிப் புடவை எடுக்கத் தேக்கா கடைத்தெருவுக்குப் போனேன். கடைக்காரர் ஒவ்வொன்றாக விரித்துப் போட்டார். "இது அரக்கு, அக்கா. இது மாம்பழக் கலர். மயில் கழுத்து வேணுமா? வெந்தயக் கலர் உங்களுக்கு எடுப்பா இருக்கும். வாடாமல்லி, கத்தரிப்பூ..." என் கை புடவையிலேயே நின்றுவிட்டது. நமக்கு நிறத்தின் பெயர் பலவும் பொருளின் பெயர்தானே. மஞ்சள் என்றால் கிழங்கு. அது அம்மியில் இருக்கும்வரை எந்தச் சட்டத்தாலும் மஞ்சளை ஒழிக்க முடியாது. கடையிலேயே நின்று கைப்பேசியில் குறித்துக்கொண்டேன்: நிறத்தை ஒழிக்க வந்தவர்கள் கடைசியில் சமையலறைக்கு வருவார்கள், அஞ்சறைப் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். கதையின் முடிவு அப்படித்தான் அமைந்தது.

நான்காவது வரைவில், அந்தப் பெண் நிறத்தைச் சொல்ல வேண்டிய மூன்று இடங்களிலும் சொல்லை எடுத்துவிட்டு வெற்றிடமாக விட்டேன். தாளில் அது நன்றாகவே இருந்தது. வெற்றிடத்தை எப்படி வாசிப்பது என்று வாசிக்கும் நாளன்று காலையில்தான் யோசித்தேன். அந்த இடத்தில் மூச்சை அடக்கி மூன்று எண்ணுவது என்று முடிவு செய்தேன்.

முதல் இடத்தில் நிறுத்தியபோது நான் வரியைத் தவறவிட்டேன் என்று நினைத்துப் பக்கத்திலிருந்த தோழி விரலை வைத்துக் காட்டினார். இரண்டாவது இடத்தில் அறையில் சத்தமே இல்லை. மூன்றாவது இடத்தில் இரண்டு எண்ணியிருப்பேன். பேத்தியோடு துணைக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர், அதுவரை வாயே திறக்காதவர், அங்கிருந்தே கேட்டார்:

"குங்குமமா?"