எக்மோ நோயாளியின் எக்ஸ்ரே வெள்ளையாகத் தெரிந்தால்

பெங்களூரு மருத்துவமனை ஒன்றில் எக்ஸ்ரே, சிடி எடுக்கும் வேலை எனக்கு. போர்ட்டபிள் மெஷினைத் தள்ளிக்கொண்டு ஐசியுவுக்குப் போகும்போது எனக்குத் தமிழ் தெரியும் என்று தெரிந்துவிட்டால் போதும், ஓசூர், கிருஷ்ணகிரி பக்கமிருந்து வந்த சொந்தக்காரர்கள் பிடித்துக்கொள்வார்கள். "தம்பி, நேத்து படத்துல கொஞ்சமாச்சும் கறுப்பு இருந்துச்சாம், இன்னைக்கு நெஞ்சு மொத்தமும் வெள்ளையாயிடுச்சாமே, முடிஞ்சிடுச்சா?" என்று ஓர் அம்மா கேட்டார். டாக்டரைக் கேளுங்கம்மா என்றுதான் சொல்ல முடியும், ரிப்போர்ட் சொல்வது என் வேலை இல்லை. ஆனால் பொதுவாக எழுதலாமே.

எக்மோ என்றாலே நமக்கு 2016 டிசம்பரில் ஜெயலலிதாவும் 2020இல் எஸ்.பி.பி.யும்தான் நினைவுக்கு வருகிறார்கள், பாதி பயம் அங்கிருந்தே வருகிறது. மெஷின் செய்வது இதுதான்: பெரிய சிரையிலிருந்து இரத்தத்தை இழுத்து, கார்பன் டை ஆக்சைடை எடுத்துவிட்டு, ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி விடுகிறது. நுரையீரல் மட்டும் கெட்டிருந்தால் சிரைக்கே திரும்பும், அது விவி. இதயமும் தளர்ந்திருந்தால் தமனிக்குப் போகும், அது விஏ.

மூச்சு வேலையை மெஷின் ஏற்றுக்கொண்டதும் வெண்டிலேட்டர் அழுத்தத்தைக் குறைத்துவிடுவார்கள், ஏற்கெனவே புண்பட்ட நுரையீரலை மேலும் ஊதிக் கெடுக்க வேண்டாமே. உள்ளே போகும் காற்று குறைகிறது, காற்றுப்பைகள் சுருங்குகின்றன, எக்ஸ்ரேயில் கறுப்பாகத் தெரிவதே காற்றுதான் என்பதால் முதல் ஓரிரு நாளில் படம் வெளுத்துவிடும். அதே நேரம் இரத்தத்தில் ஆக்சிஜன் நேற்றைவிட நன்றாகவே இருக்கலாம். ஆக, வெள்ளையை மட்டும் வைத்து ஆள் மோசமா தேறுகிறாரா என்று சொல்ல முடியாது. அதற்காக எல்லா வெள்ளையும் சாதாரணம் என்றும் இல்லை. பெரும்பாலும் இரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் மருந்து ஓடிக்கொண்டிருக்கும், நெஞ்சுக்குள் இரத்தம் தேங்கலாம், நுரையீரலைச் சுற்றிக் காற்றும் சேரலாம். டாக்டரிடம் கேட்பதென்றால் அதைக் கேளுங்கள், குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

எங்கள் ஆட்கள் படத்தில் முதலில் தேடுவதும் குழாயைத்தான். விவியில் வழக்கமாக, தொடையில் நுழைந்து இரத்தத்தை இழுக்கும் கேனுலாவின் (மெஷினோடு இணைக்கும் பருத்த குழாய்) முனை கீழ்ப்பெருஞ்சிரை இதயத்தைச் சேரும் இடத்தருகே இருக்கும், இரத்தத்தைத் திருப்பி விடும் கழுத்துக் கேனுலா மேலிருந்து வரும். இரண்டும் ரொம்ப நெருங்கினால் ஆக்சிஜன் ஏற்றிய இரத்தத்தையே மெஷின் மறுபடி உறிஞ்சிக்கொள்ளும். இதில் ஒரு சிக்கல், சில கேனுலாக்களில் சுவருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் முடிந்த பிறகும் குழாய் நீளும், அந்தப் பகுதி எக்ஸ்ரேயில் தெரியாது, நுனியில் ஒரு பொட்டு உலோகம் மட்டும் தெரியும். புதிதாக வந்தவர்கள் சுருள் முடியும் இடத்தையே நுனி என்று நினைத்துவிடுவார்கள். நான் பிளேட்டை முதுகுக்கடியில் நுழைக்கும்போது ஒரு சிஸ்டர் கழுத்துக் குழாயைப் பிடித்துக்கொண்டே நிற்பார், அது கொஞ்சம் நகர்ந்தாலும் வம்பு. படுத்தபடி முன்னாலிருந்து எடுப்பதால் இதயம் பெரிதாகத் தெரியும், அது வேறு.

சிடிக்குக் கொண்டுவருவது தனிக் கூத்து. எக்மோ மெஷினைப் பார்த்துக்கொள்ளும் பெர்ஃப்யூஷனிஸ்ட், டாக்டர், சிஸ்டர், ஆக்சிஜன் சிலிண்டர், பம்ப் நின்றால் கையால் சுற்ற ஒரு கிராங்க், எல்லாம் ஒரே லிஃப்டில். இரத்தக்குழாய்கள் படத்தில் தெளிவாகத் தெரிய கையில் கான்ட்ராஸ்ட் மருந்தை ஏற்றினால் அது நுரையீரல் தமனிக்குப் போகும் முன்பே ஒரு பகுதியை எக்மோ இழுத்துக்கொள்ளும். தொடை வழி விஏ என்றால் மெஷின் அனுப்பும் இரத்தம் பெருந்தமனியில் எதிர்த்திசையில் ஏறி, இதயத்திலிருந்து வருவதோடு சரியாகக் கலக்காமல் நிற்கும். படத்தில் அது இரத்தக்கட்டி போலவோ தமனிச் சுவர் கிழிந்தது போலவோ காட்டும். அதனால் நோயாளி தாங்குவார் என்றால் ஸ்கேன் ஓடும் கொஞ்ச நேரம் மட்டும் ஃப்ளோவை, அதாவது மெஷின் இரத்தத்தைச் செலுத்தும் வேகத்தை, குறைப்பதுண்டு. இதையெல்லாம் முன்கூட்டியே திட்டமிட விவியா விஏவா, கேனுலா எங்கே, ஃப்ளோ எவ்வளவு என்று எங்களுக்குத் தெரிய வேண்டும். வரும் ஃபார்மிலோ "சிடி செஸ்ட், கான்ட்ராஸ்ட்" என்று மட்டும் இருக்கும். அதற்கு ஒரு கட்டம் அச்சடித்துவிடுங்கள் என்று மீட்டிங்குக்கு மீட்டிங் கேட்டுக்கொண்டிருக்கிறேன், இன்னும் ஃபோனில்தான் விசாரிக்கிறோம்.