பாலுபட்டியைக் கண்ணால் பார்க்கும் வரை

ஸ்ரீராமபுரத்தில் தாத்தா கட்டிய வீடு. கீழே கடை, மேலே நான்கு வாடகை போர்ஷன். அப்பா காலமான பிறகு வாடகை முழுவதும் சித்தப்பா கைக்குத்தான் போனது. கேட்டுக் கேட்டு அலுத்து, அம்மாவும் நானும் பெங்களூரு சிட்டி சிவில் கோர்ட்டில் பாகப்பிரிவினை வழக்குப் போட்டோம்.

சித்தப்பாவின் எதிர்வழக்குரையில் இருந்த ஒரு வரி எங்களைத் தூங்கவிடவில்லை. 1994இல் அண்ணன் பணம் வாங்கிக்கொண்டு பாலுபட்டி எழுதிக் கொடுத்துவிட்டார் என்றிருந்தது. (பங்கு பிரித்ததை எழுதி வைக்கும் தாளுக்கு இங்கே அதுதான் பெயர்.) அந்தத் தாளை மட்டும் அவர்கள் தாக்கல் செய்யவே இல்லை.

“பார்க்காமலே பயப்படாதீங்கம்மா” என்றார் எங்கள் வக்கீல். சிவில் நடைமுறைச் சட்டம், ஆர்டர் 11, விதி 15. எதிர்த்தரப்பு தன் வழக்குரையில் ஒரு ஆவணத்தைக் குறிப்பிட்டிருந்தால், காட்டு என்று நோட்டீஸ் கொடுத்துப் பார்வையிடலாம், நகலும் எடுக்கலாம். தகுந்த காரணமில்லாமல் காட்ட மறுத்தால் பின்னால் அதைத் தன் சாட்சியமாக அவர் கொண்டுவர முடியாது. பதில் சொல்ல 10 நாள். பதில் வரவில்லை. ஐ.ஏ. (வழக்கின் நடுவே போடும் இடைக்கால மனு) போட்டோம். வாடகைக் கணக்கு நோட்டுகளுக்காக, என்னென்ன ஆவணம் இருக்கிறது என்று பிரமாணத்தில் சொல்லக் கேட்கும் விதி 12இன் கீழ் இன்னொன்று. சில வாய்தாக்கள் போயின.

உத்தரவு வந்தபோது எங்களுக்கும் சேர்த்தே வந்தது. அவர்களும் எங்கள்மீது அதே மனு போட்டிருந்தார்கள். கையில் இருப்பவை, இருந்தும் காட்ட ஆட்சேபிப்பவை, முன்பு இருந்து இப்போது இல்லாதவை என்று எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் பட்டியலிட வேண்டும். வக்கீலோடு நாங்கள் வழக்கு பற்றி எழுதிக்கொண்ட கடிதங்கள் ஆட்சேபிக்கும் பட்டியலில் போயின. அப்பாவின் டைரியை எங்கே வைப்பது?

அதில் அப்பாவின் கையெழுத்தில், ‘தம்பியிடம் 15,000 வாங்கினேன்’ என்றிருந்தது. “இதைக் காட்டினா அவங்க சொன்னது உண்மைன்னு ஆயிடாதா?” என்று அம்மா அழுதார். எனக்கும் அதை டிரங்குப் பெட்டியிலேயே விட்டுவிடலாமா என்றுதான் இருந்தது. வக்கீல் ஒப்புக்கொள்ளவில்லை. வழக்குக்குச் சம்பந்தப்பட்டதை, நமக்கு எதிராக இருந்தாலும், சொல்லியே ஆக வேண்டும், சத்தியம் செய்து கொடுப்பது விளையாட்டில்லை என்றார். உத்தரவை மீறினால் வாதியின் வழக்கையே தள்ளுபடி செய்யவும், பிரதிவாதியின் எதிர்வாதத்தை நீக்கவும் விதி 21இல் இடமிருக்கிறது. டைரியைப் பட்டியலில் சேர்த்தோம்.

பார்வையிடல் அவர்கள் வக்கீல் அலுவலகத்தில். சித்தப்பா மகன் தலை நிமிரவில்லை, “வாங்கக்கா” என்று மட்டும் சொன்னான். கன்னடத்தில் எழுதிய இரண்டு பக்கம். வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தேன். அப்பா கையெழுத்துதான். தொகையும் 15,000தான். ஆனால் விட்டுக்கொடுத்தது கீழ்க்கடையில் இருந்த தன் பங்கை மட்டும். மேல்மாடியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இரண்டு முறை படித்துவிட்டு ஜெராக்ஸ் கேட்டேன், கொடுத்தார்கள்.

டைரியை மறைத்திருந்தால், அந்தத் தாளைச் சரியாகப் புரியவைக்கும் எங்கள் சொந்தச் சான்றே பெட்டிக்குள் கிடந்திருக்கும். அப்பா அடுத்த வரியிலேயே ‘கடைக்கு’ என்று எழுதியிருந்தார். பயத்தில் நாங்கள் அந்த வரியைக் கவனிக்கவே இல்லை.

வாடகை நோட்டுகளில் 2009க்கு முந்தையவை இப்போது தங்களிடம் இல்லை என்று பிரமாணம் செய்திருக்கிறார்கள். கடைசியாக எப்போது கையில் இருந்தன, இப்போது யாரிடம் என்றும் அதில் சொல்ல வேண்டும்; அந்த இடம் காலியாக இருக்கிறது. அதைக் கேட்டு அடுத்த வாய்தாவில் மனு கொடுக்கிறோம். இந்த முறை அம்மாவும் வருகிறேன் என்கிறார்.